மை படாத மேகம்

அந்தப் பாலர் பள்ளியில் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பெயர்கள் பதிவேட்டில் பத்திரமாகத்தான் இருந்தன. ஆனால் முப்பத்தொரு குழந்தைகளின் வீடுகளில் பதினோரு மொழிகள் புழங்கின. ஒரு வீட்டுப் பெயர் அடுத்த வீட்டார் வாயில் நுழையாது. நுழைந்தாலும் கை கால் முறிந்துதான் வெளியே வரும். அதனால் சுவரில் வரிசையாக அடித்திருந்த கொக்கி ஒவ்வொன்றின் மேலும் ஒரு படம் ஒட்டியிருந்தார்கள். ஆமை, படகு, சாவி, மணி, குடை. தன் பையை எந்தப் படத்தின் கீழே மாட்ட வேண்டும் என்று இரண்டு வயதுப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். போகப் போக அந்தப் படமே குழந்தையின் பெயராயிற்று, பிறகு குடும்பத்துக்கும் அதுவே பெயராயிற்று. "ஆமையோட அப்பா இன்னைக்கும் லேட்டு." "படகுக்கு மூக்கு ஒழுகுது, படகம்மாவுக்குப் போன் போடுங்க." புதிதாக யாராவது கேட்டால் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்துக்கொள்வார்கள்.

ஆசிரியர்களுக்குக் கொக்கி கிடையாது. இருந்தாலும் அவர்களில் ஒருத்திக்கு ஒரு பெயர் விழுந்துவிட்டது: பொத்தான் டீச்சர். கைப்பையில் எப்போதும் ஊசியும் நூலும், ஒரு பழைய மாத்திரை டப்பா நிறையப் பொத்தான்களும் வைத்திருப்பாள். அறுந்த பொத்தானோடு ஒரு குழந்தையை வீட்டுக்கு அனுப்ப அவளுக்கு மனம் வராது. அந்தத் தாய் பார்த்தால் என்ன நினைப்பாள்? பிள்ளையைக் கவனிக்கவில்லை என்று நினைத்துவிட்டால்? இப்படித்தான் ஓடும் அவள் மனம். தெருவில் யாராவது பின்னால் வேகமாக நடந்து வந்தால் ஒதுங்கி வழிவிடுகிறவள் அவள். ஐம்பத்திரண்டு வயது. கணவரின் வேலைக்காக இந்த ஊருக்கு வந்து இருபத்தாறு வருடம், அவர் போய் ஒன்பது வருடம். பிள்ளைகள் இல்லை. திரும்பிப் போகலாம்தான். யார் வீட்டில் போய் உட்காருவது என்ற கேள்விக்கு விடை கிடைக்கவில்லை, அதனால் இங்கேயே இருந்தாள். அவள் தமிழில் படித்தவள், பிறகு இந்த ஊர் மொழியிலும் ஆசிரியர் பயிற்சி முடித்தவள். இரண்டிலும் தவறில்லாமல் எழுதுவாள். பேசுவதற்குத்தான் ஆள் குறைவு.

முத்திரைகள் அவளுடைய யோசனை. பெற்றோர்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு எழுத்து படிப்பவர்கள், சிலர் எதையும் படிக்காதவர்கள். குழந்தையின் நாள் எப்படிப் போயிற்று என்று தினமும் எப்படி எழுதி அனுப்புவது? முத்திரை செய்கிற கடையில் சொல்லி மரப்பிடி வைத்த ஆறு ரப்பர் முத்திரைகள் செய்துகொண்டு வந்தாள். காலித் தட்டு என்றால் சாப்பிட்டாயிற்று, நிறைந்த தட்டு என்றால் சாப்பிடவில்லை. மூடிய கண் தூக்கம், திறந்த கண் தூங்கவில்லை. சூரியன் என்றால் குழந்தை சந்தோஷமாக இருந்தது. மேகம் என்றால் இல்லை. ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு சின்ன நோட்டு, ஒரு நாளுக்கு ஒரு பக்கம். பெரிய டீச்சர், அதாவது பள்ளியின் தலைமை, இந்த யோசனையைக் கூட்டத்தில் எல்லார் முன்னும் பாராட்டினார். அன்று வீட்டுக்குப் போகிற வழியில் அவள் அந்தப் பாராட்டை நான்கைந்து தடவை மனதுக்குள் போட்டுக் கேட்டாள்.

இரண்டு வருடமாகியும் மேக முத்திரையின் ரப்பர் மட்டும் இளஞ்சிவப்பாகவே இருந்தது. ஒரு தடவைகூட மை படவில்லை. மற்றக் குழந்தைகளுக்கு ஏதாவது என்றால் வாசலில் பெற்றோரிடம் வாயால் சொல்லிவிடுவாள், அதையும் ஓரங்களை மழுக்கி மெதுவாக. மேகம் போட்டு அனுப்ப அவளுக்குக் கை வராது.

குடை வந்தது இரண்டரை மாதத்துக்கு முன்னால். மூன்றரை வயதுப் பெண். குடை வீட்டு மொழி பள்ளியில் வேறு எவருக்கும் தெரியாது. அப்பா வேறொரு நாட்டில் வேலை. அம்மா ஒரு பெரிய சலவைக்கூடத்தில் காலையிலிருந்து மதியம்வரை துணி மடிக்கிறவள். ஊர் மொழியை வேலைக்குத் தேவையான அளவு பேசுவாள். முதல் நாள் காலை மகளை விட்டுவிட்டு வாசற்கதவைப் பிடித்துக்கொண்டு அழுதாள். சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்க.

குடை அழவில்லை. தன் படத்தின் கீழே சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றது. பையைக் கழற்றவில்லை. காலணியைக் கழற்றச் சொன்னால் கால்விரல்களை உள்ளே மடக்கிக்கொண்டது. சோறு வைத்தால் பார்த்துக்கொண்டே இருந்தது. மற்றக் குழந்தைகள் தூங்குகிற நேரத்தில் காலணியோடு பாயில் உட்கார்ந்து கதவைப் பார்த்தது. ஒரு வார்த்தை பேசவில்லை.

மதியம் குடையம்மா வந்தாள், ஓடி வந்தவள் போல மூச்சு வாங்க. கை இரண்டும் சோப்பில் ஊறிச் சுருங்கியிருந்தன. பொத்தான் டீச்சர் அப்போதுதான் நோட்டைத் திறந்து வைத்திருந்தாள். கை மேகத்தின் மேல் இருந்தது. நிமிர்ந்து பார்த்தாள். எதிரே அந்த முகம்.

கை தானாக நகர்ந்தது. காலித் தட்டு. மூடிய கண். சூரியன்.

குடையம்மா நோட்டை இரண்டு கையாலும் வாங்கி, சூரியன் மேல் விரல் வைத்துப் பார்த்தாள். மை காயாமல் விரலில் ஒட்டியது. சிரித்தாள். "அவங்க அப்பாவுக்கு அனுப்பணும்" என்று அங்கேயே நின்று போனில் படம் எடுத்தாள்.

நாளைக்கு உண்மையைப் போட்டுவிடலாம் என்றுதான் பொத்தான் டீச்சர் நினைத்தாள். மறுநாள் போட்டால் முந்தின நாள் போட்டது பொய் என்று ஆகிவிடுமே? அதனால் மறுநாளும் சூரியன். கொஞ்சம் கொஞ்சமாகச் சரியாகிவிடும், எல்லாக் குழந்தைகளும் இரண்டு வாரத்தில் சரியாகும். இரண்டு வாரம் மூன்றாயிற்று, ஆறாயிற்று. அம்மாவைக் கண்டதும் குடையின் முகம் மலர்ந்துவிடும், ஓடிப் போய்க் காலைக் கட்டிக்கொள்ளும். குடையம்மா பார்த்ததெல்லாம் அந்த மலர்ந்த முகம்தான். நோட்டில் இருப்பதும் அதுதானே என்று நம்பாமல் என்ன செய்வாள்?

நம்பாத ஒரே ஆள் சமையலக்கா. பள்ளியில் தமிழ் பேசுகிற இன்னொருத்தி அவள்தான்.

"ஏம்மா பொத்தான், எனக்கு ஒரு சந்தேகம்" என்றாள் ஒரு நாள், பாத்திரம் விளக்கிக்கொண்டே. "குடையோட தட்டு நான் போட்டு அனுப்புன மேனிக்கே திரும்பி வருது. உன் நோட்டுல மட்டும் காலித் தட்டு. நடுவுல எந்தப் பூனை வந்து சாப்பிட்டுட்டுப் போகுது?"

"கொஞ்சம் சாப்பிடுறாக்கா."

"எவ்ளோ கொஞ்சம்? எறும்பு எடுத்துட்டுப் போற அளவா?"

"நீங்க சும்மா இருங்கக்கா. அந்தம்மா பாவம், தனியா கெடந்து அல்லாடுறாங்க."

"தனியா கெடக்குறவங்க எல்லாருக்கும் பொய் சொல்லணும்னா, உனக்கு நான் எவ்ளோ சொல்லியிருக்கணும்" என்றாள் சமையலக்கா. பாத்திரம் கொஞ்சம் சத்தமாக விழுந்தது.

பிறகு அந்த வெள்ளிக்கிழமை வந்தது. குடையம்மா கையில் ஒரு பிஸ்கட் டப்பாவோடு வந்தாள், தலையைப் படிய வாரிக்கொண்டு. இருவருக்கும் சொந்தமில்லாத அந்த ஊர் மொழியில், வார்த்தை வார்த்தையாகத் தேடி எடுத்துச் சொன்னாள்:

"டீச்சர், நல்ல சேதி. வேலை இடத்துல முழு நாள் தர்றாங்க. முன்னாடியே கேட்டாங்க, நான்தான் வேண்டாம்னேன். பாப்பா அழுவாளேன்னு பயம். இப்ப பயம் இல்ல. உங்க நோட்ட அவங்க அப்பாவும் நானும் தினமும் பார்க்குறோம். எத்தனை சூரியன்! அவரும் சரின்னுட்டார். திங்கக்கிழமைலேருந்து காலைல எட்டுக்கு விடுறேன், சாயந்தரம் ஆறுக்குக் கூட்டிட்டுப் போறேன்."

எட்டிலிருந்து ஆறு. பத்து மணி நேரம் சுவரோடு.

"ரொம்ப நல்லது" என்றது பொத்தான் டீச்சரின் வாய்.

குடையின் மேல்சட்டையில் ஒரு பொத்தான் தொங்கிக்கொண்டிருந்தது. அதை வாங்கி வைத்துக்கொண்டாள். தைத்துத் தருகிறேன் என்றாள். வேறு எதைச் செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அவள் இருந்தது ஒற்றை அறை. சன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்தின் சுவர். இரண்டு நாற்காலி, ஒன்றில் அவள், இன்னொன்றில் துவைத்த துணி. அன்று மாலை அந்தச் சின்ன மேல்சட்டையை மடியில் போட்டுக்கொண்டு பொத்தானைத் தைத்தாள். தைத்து முடித்த பிறகும் ஊசி போய் வந்துகொண்டிருந்தது.

பதினாலு வருடம் முன்னால் அவளுடைய அம்மா ஊரில் மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அந்த மூன்று வாரமும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தம்பி போனில் பேசினான். "அம்மா நல்லா இருக்காங்கக்கா. இப்பதான் சாப்பிட்டுத் தூங்குறாங்க. எழுந்ததும் பேசச் சொல்றேன்." சாப்பிட்டாயிற்று. தூங்கியாயிற்று. நல்லா இருக்காங்க. எல்லாம் முடிந்த பிறகுதான் சொன்னான். ஏன்டா என்று கேட்டதற்கு, "நீ அவ்ளோ தூரத்துல இருந்துக்கிட்டு அழுவியேன்னுதான்க்கா" என்றான். அவன்மேல் கோபப்படக்கூட முடியவில்லை. நல்ல மனதோடு செய்தவனை என்னவென்று திட்டுவது? ஆனால் அந்த மூன்று வாரம் அவளுடையது. அதை யாரோ எடுத்து வைத்துக்கொண்டு, கடைசிவரை திருப்பித் தரவில்லை.

ஊசி விரலில் குத்தியது. நூலை அறுத்தாள்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, பதிவேட்டிலிருந்து குறித்துக்கொண்ட குடை வீட்டு விலாசத்தில், மூன்றாவது மாடியில் நின்றாள். மாடிப்படி முழுக்க, சொல்ல வேண்டியதை ஊர் மொழியில் சொல்லிச் சொல்லிப் பார்த்திருந்தாள். கையில் மேல்சட்டை. கைப்பையில் ஊசிநூலோடு முத்திரைப் பெட்டியும். அதை எதற்கு எடுத்து வந்தோம் என்று அவளுக்கே தெரியாது.

கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு குழந்தையின் குரல். கணீரென்று, மூச்சு விடாமல், யாரையோ அதட்டிக்கொண்டிருந்தது. நடுவில் ஒரு பாட்டு. மறுபடி அதட்டல். பக்கத்து வீட்டுக் குழந்தை வந்திருக்கிறது போல என்று நினைத்துக்கொண்டே மணியை அழுத்தினாள்.

குடையம்மா கதவைத் திறந்தாள். கட்டில்மேல் குடை. வெறுங்காலில். தலையணைகளை வரிசையாக உட்கார வைத்து, கையில் கரண்டியை ஆட்டிக்கொண்டு, முகமெல்லாம் சிவக்கப் பேசிக்கொண்டிருந்தது. இரண்டரை மாதத்தில் பொத்தான் டீச்சர் கேட்காத குரல்.

குடை திரும்பிப் பார்த்தது.

குழாயை மூடியதுபோல் குரல் நின்றது. கரண்டியைக் கீழே வைத்தது. மெதுவாகக் கட்டிலிலிருந்து இறங்கி, கதவோரம் வந்து, தரையில் உட்கார்ந்து இடது காலில் ஒரு காலணி, வலது காலில் ஒரு காலணி மாட்டியது. மூலையிலிருந்த பையை எடுத்துத் தோளில் போட்டது. துணி மாட்டுகிற ஆணிக்குக் கீழே, சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றது.

குடையம்மா கைகொட்டிச் சிரித்தாள். "பாருங்க, பாருங்க! உங்களைப் பார்த்ததும் ஸ்கூலுக்குக் கிளம்பிட்டா! லீவு நாள்லகூட! இருங்க, இருங்க, இத அவங்க அப்பாவுக்கு அனுப்பணும்…" போனைத் தூக்கினாள்.

"அனுப்பாதீங்க" என்றாள் பொத்தான் டீச்சர்.

மாடிப்படியில் சொல்லிப் பார்த்ததெல்லாம் எங்கேயோ போய்விட்டது. வந்தது இவ்வளவுதான்: "அவ அங்க இப்படித்தான் நிக்கிறா. தினமும். காலைலேருந்து நீங்க வர்ற வரைக்கும். சாப்பிடுறதில்ல. தூங்குறதில்ல. ஒரு வார்த்தை பேசுறதில்ல. இப்பதான் அவ குரலையே கேக்குறேன்."

குடையம்மாவின் முகத்தில் சிரிப்பு உடனே போகவில்லை. எங்கே போவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. பிறகு அவள் உள்ளே போய், சமையல் மேடைக்கு மேலே உயரத்தில் வைத்திருந்த நோட்டைக் கொண்டுவந்து மேசையில் விரித்தாள். முதல் பக்கத்தின் சூரியனில் விரலை வைத்தாள். "இது?"

பொத்தான் டீச்சர் இல்லையென்று தலையை ஆட்டினாள். பெட்டியைத் திறந்து, மேக முத்திரையை எடுத்து மையில் அழுத்தி, சூரியன் பக்கத்தில் பதித்தாள். முதல் தடவையாக அந்த இளஞ்சிவப்பு நீலமாயிற்று.

"இது?"

மேகம்.

"இது?"

ஏழெட்டுப் பக்கத்துக்கு மேல் குடையம்மா கேட்பதை நிறுத்திவிட்டாள். முத்திரையை அவள் கையிலிருந்து வாங்கி, பக்கம் பக்கமாகத் தானே குத்திக்கொண்டு போனாள். துணி மடிக்கிற கை. வேகம் மாறாமல் போயிற்று. ஒரு பக்கத்தில் மட்டும் பொத்தான் டீச்சர் தடுத்தாள்.

"இதுல வேண்டாம். அன்னைக்கு அரை வாழைப்பழம் சாப்பிட்டா. நெஜமா."

குடையம்மா அவளை நிமிர்ந்து பார்த்தாள். இதை மட்டும் எப்படி நம்புவது என்று அந்தப் பார்வை கேட்டது. பிறகு அந்தப் பக்கத்தின் முனையை மடக்கிவிட்டு அடுத்ததற்குப் போனாள். மொத்தம் ஐம்பத்தொரு பக்கம்.

"முதல் நாள் நான் அழுதேனே" என்றாள் கடைசியில். "அதனாலயா?"

"ஆமா."

"நான் அழுதா அழுதுட்டுப் போறேன். எனக்கு அழத் தெரியும். என் பொண்ணோட நாட்களை எல்லாம் நீங்க ஏன் எடுத்து வச்சுக்கிட்டீங்க?"

அந்தக் கேள்வியைப் பொத்தான் டீச்சரும் பதினாலு வருடமாக வைத்திருந்தாள். அவளுக்கும் பதில் கிடைத்ததில்லை. மேல்சட்டையை மேசையில் வைத்துவிட்டு எழுந்தாள். வாசலில் திரும்பிப் பார்த்தபோது குடையம்மா தரையில் உட்கார்ந்து மகளின் காலணிகளைக் கழற்றிக்கொண்டிருந்தாள். குழந்தை வாசலில் நிற்கிறவளையே பார்த்துக்கொண்டிருந்தது. போய்விட்டாளா என்று உறுதி செய்துகொள்வதற்காக.

ஞாயிற்றுக்கிழமை தம்பி போன் செய்தான்.

"எப்படிக்கா இருக்க? நல்லா இருக்கியா?"

"இல்லடா."

"ஹலோ? அக்கா? கேக்குதா?"

"கேக்குது."

"சிக்னல் சரியில்ல போல. நல்லா இருக்கேன்னுதானே சொன்ன?"

"இல்லைன்னு சொன்னேன்."

"ஏன், உடம்புக்கு என்ன?"

"உடம்புக்கு ஒண்ணும் இல்லடா."

இத்தனை வருடத்தில் இந்தப் பேச்சு இந்தப் பக்கம் திரும்பியதே இல்லை. இதற்கு மேல் எப்படிப் போவது என்று இருவருக்குமே தெரியவில்லை. அவன் போனை வைக்கவும் இல்லை. அவன் வீட்டு மின்விசிறி சுற்றுகிற சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை காலை ஏழரைக்கே போய்ப் பெரிய டீச்சரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"மத்த நோட்டெல்லாம்?"

"அங்கங்க கொஞ்சம் கூட்டிப் போட்டிருக்கேன். இந்த மாதிரி இல்ல."

"தினமும் பேசுற கூட்டத்துல ஒரு நாளாவது சொல்லியிருக்கலாமே. ஒரு குழந்தை நிக்கிறது எனக்குத் தெரிய வேண்டாமா?" அவர் குரலை உயர்த்தவில்லை, உயர்த்தியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு. "பெட்டிய இங்க வச்சுட்டுப் போங்க. இனிமே சாயந்தரம் நோட்டெல்லாம் என் மேசைக்கு வரட்டும். நீங்க சொல்லுங்க, முத்திரை நான் போடுறேன்."

பெட்டியை வைத்துவிட்டு வெளியே வந்தாள். சமையலக்கா ஒரு டம்ளர் டீயை எடுத்து அவள் முன்னால் நகர்த்தினாள். "குடி. மூஞ்சியப் பார்த்தா பாலே திரிஞ்சிடும் போல இருக்கு."

எட்டு மணிக்குக் குடை வரவில்லை. எட்டரைக்கும் இல்லை. ஆமை வந்தது, படகு வந்தது, சாவி தன் பையை மணியின் கொக்கியில் மாட்டிச் சண்டை இழுத்தது. குடைக்குக் கீழே வெறும் கொக்கி. பொத்தான் டீச்சர் அதைப் பார்க்காமலிருக்க முதுகைத் திருப்பிக்கொண்டு வேலை செய்தாள்.

செவ்வாயும் அப்படியே போயிற்று. புதன்கிழமை ஒன்பது மணிக்குக் கதவு திறந்தது. குடை, பின்னால் குடையம்மா. குடையம்மா பொத்தான் டீச்சரைப் பார்க்காமல் நேராகப் பெரிய டீச்சரிடம் போய்ப் பேசினாள். முழு நாள் வேலையை வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். பழைய அரை நாளையும் ஒரு மாதத்துக்கு மதியத்துக்கு மாற்றிக் கேட்டிருக்கிறாள். காலையில் இங்கே மகளோடு இருந்துவிட்டு, போகும்போது பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போவாளாம். இருக்கலாமா?

"தாராளமா" என்றார் பெரிய டீச்சர்.

குடையம்மா மகளின் கொக்கிக்குக் கீழே, குழந்தைகள் உட்காரும் குட்டி நாற்காலியில், முழங்கால் மோவாயை இடிக்க உட்கார்ந்துகொண்டாள். பாட்டு நேரத்திலும் எழுந்திருக்கவில்லை. ஆமை வந்து அவள் மடியில் ஒரு பொம்மையை வைத்துவிட்டுப் போனது. குடை அம்மாவின் தோளை ஒட்டி நின்றது. பொத்தான் டீச்சர் பக்கத்தில் போகவில்லை. அறையின் மறுகோடியில் சாவிக்குச் சட்டை மாற்றினாள், மணிக்கு மூக்கைத் துடைத்தாள், அறுந்த பொத்தான் ஒன்றைத் தேடினாள். தன்னைக் கண்டால் அந்தக் குழந்தை காலணி மாட்டும் என்பது அவளுக்கு இப்போது தெரியும். தள்ளி நிற்பதுதான் தன்னால் முடிந்த வேலை என்று நின்றாள்.

பதினொன்றரை மணி இருக்கும். பழத் தட்டு வந்தது. குடை தட்டைப் பார்த்தது. அம்மாவைப் பார்த்தது. பிறகு குனிந்து, இடது காலின் காலணியைக் கழற்றி, நாற்காலிக்குக் கீழே ஒழுங்காக வைத்தது. வலது காலணி காலிலேயே இருந்தது. அப்படியே, ஒரு கால் உயரமாகவும் ஒரு கால் தாழ்வாகவும், கெந்திக் கெந்திப் பழத் தட்டுவரை போய், ஒரு துண்டை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தது.

கிளம்பும் நேரம். பெரிய டீச்சர் முத்திரைப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, "என்ன போட?" என்று கேட்டார்.

பொத்தான் டீச்சர் ஆறு முத்திரைகளையும் பார்த்தாள். சூரியன் இல்லை, மேகமும் இல்லை. காலித் தட்டுமில்லை, நிறைந்த தட்டுமில்லை. ஒரு பேனாவைக் கேட்டு வாங்கினாள். பக்கத்தின் நடுவில் ஒரு காலணியை வரைந்தாள். ஒன்றே ஒன்று. அதன் பக்கத்தில் சின்னதாக ஒரு பழத்துண்டு. பெரிய டீச்சர் நோட்டை நீட்டினார்.

குடையம்மா வாங்கிப் பார்த்தாள். போனை எடுக்கவில்லை. நோட்டைப் பார்த்தாள், பிறகு குனிந்து மகளின் கால்களைப் பார்த்தாள். மறுபடி நோட்டைப் பார்த்தாள். இரண்டும் ஒத்துப்போகிறதா என்று நிதானமாகச் சரிபார்த்தாள், துணியில் கறை மிச்சமிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதுபோல. பிறகு நோட்டை மூடிப் பையில் வைத்து, நாற்காலிக்குக் கீழிருந்த காலணியை எடுத்து மகளுக்கு மாட்டிவிட்டு, கையைப் பிடித்துக்கொண்டு கிளம்பினாள்.

போய்வருகிறேன் என்று சொல்லவில்லை. பொத்தான் டீச்சரும் எதிர்பார்க்கவில்லை. கதவு மூடிய பிறகு, குடையம்மா உட்கார்ந்திருந்த குட்டி நாற்காலியை எடுத்து மேசைக்கு அடியில் தள்ளப் போனாள். பிறகு, நாளைக்கும் வேண்டியிருக்குமே என்று, அதைக் கொக்கிக்குக் கீழேயே விட்டுவிட்டாள்.